கூகுளின் முதல் பக்கம்: நம்பிக்கைகளும் நடப்பும்

சொந்தமாக ஓர் இணையதளம் வைத்திருக்கும் யாருக்கும் அந்த மின்னஞ்சல் வந்திருக்கும். 'உங்கள் தளத்தைப் பார்த்தோம், நிறையக் குறைகள் இருக்கின்றன, 30 நாளில் கூகுளில் முதலிடம் வாங்கித் தருகிறோம், உத்தரவாதம்' என்ற வகை மின்னஞ்சல். பல் மருத்துவர், ஜவுளிக் கடைக்காரர், வீட்டிலிருந்தே ஊறுகாய் போட்டு விற்பவர் என்று எல்லோரையும் அது தேடி வருகிறது. அந்த உத்தரவாதத்தை யாராலும் கொடுக்க முடியாது. முதலிடத்துக்கு எவரும் உறுதி தர இயலாது, கூகுளோடு தனி உறவு இருப்பதாகச் சொல்பவர்களை நம்பாதீர்கள் என்று கூகுளே தன் உதவிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. அப்படியும் அந்த வாக்குறுதி விலைபோகிறது. சின்னத் தொழில் நடத்துகிறவர்கள் மாதாமாதம் பணம் கட்டுகிறார்கள். எதற்குக் கட்டுகிறோம் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது.

எஸ்.இ.ஓ. என்று எல்லோரும் சொல்லும் தேடுபொறி உகப்பாக்கத்தைச் சுற்றி இத்தனை தவறான நம்பிக்கைகள் சேர்ந்திருப்பதற்கு அறியாமை மட்டும் காரணமாக இருக்க முடியாது. ஒவ்வொன்றையும் தோண்டிப் பார்த்தால் அடியில் ஓர் உண்மைத் துணுக்கு கிடைக்கிறது. சில நம்பிக்கைகள் ஒரு காலத்தில் சரியாகவே இருந்தவை. தேடுபொறி மாறிய பிறகும் அவை மாறவில்லை. சில, தேடுபொறி நிறுவனம் பாதியைச் சொல்லி மீதியை மறைத்ததால் முளைத்தவை. 2023-இல் மட்டும் தன் தேடலில் 4,700-க்கும் மேற்பட்ட மாற்றங்களைச் செய்ததாக கூகுள் கணக்குக் காட்டியிருக்கிறது. நாளுக்குப் பத்துக்கு மேல் வருகிறது. இந்த வேகத்தில் மாறும் ஒன்றைப் பற்றிப் பாடநூலும் பயிற்சி வகுப்பும் சொல்வது சீக்கிரமே பழசாகிவிடும்.

பழையவற்றில் மிகப் பழையது 'மெட்டா கீவேர்ட்ஸ்'. பக்கத்தின் நிரலுக்குள், வாசகர் கண்ணில் படாத இடத்தில், இந்தப் பக்கம் எந்தெந்தச் சொற்களுக்கு உரியது என்று தளக்காரரே எழுதிவைக்கும் குறிப்பு அது. 1990-களின் இன்ஃபோசீக், அல்டாவிஸ்டா போன்ற தேடுபொறிகள் அதைப் படித்தன. அன்று அதற்கு இருந்த மதிப்பு நீதிமன்றம் வரை போனது. அமெரிக்காவின் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 1999-இல், ஒரு வீடியோ கடை நிறுவனம் போட்டி நிறுவனத்தின் 'மூவிபஃப்' என்ற வணிகப் பெயரைத் தன் மெட்டா குறிப்புகளில் எழுதக் கூடாது என்று தீர்ப்பளித்தது. ஆனால் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதிவைக்கலாம் என்றால் அந்தக் குறிப்பை எப்படி நம்புவது? காலணி விற்பவர் திரைப்பட நடிகையின் பெயரை எழுதலாம். 2009 செப்டம்பரில் கூகுளின் மேட் கட்ஸ் வெளிப்படையாக அறிவித்தார்: இணையத் தேடலின் தரவரிசைக்கு இந்தக் குறிப்பை கூகுள் பயன்படுத்துவதே இல்லை. அந்த அறிவிப்பு வந்து பல ஆண்டுகள் ஆன பிறகும், அதை நிரப்பித் தருவதை ஒரு 'சேவை'யாகப் பட்டியலிட்டுக் கட்டணம் கேட்கும் ஏஜென்சிகள் இருக்கின்றன.

அந்த அறிவிப்புக்கு வெகு முன்பே, அதே எண்ணம் கட்டுரையின் உடலுக்குள்ளும் புகுந்திருந்தது. ஒரு சொல்லை நூற்றுக்கு இத்தனை முறை எழுதினால் தேடுபொறிக்குப் பிடிக்கும் என்று 'கீவேர்ட் டென்சிட்டி' கணக்கு பிறந்தது. பெரிய நிறுவனங்களும் இதில் விழுந்தன. 2006 பிப்ரவரியில் பி.எம்.டபிள்யூ.வின் ஜெர்மன் தளத்தை கூகுள் தன் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. 'பழைய கார்' என்பதற்கான ஜெர்மன் சொல்லைத் திரும்பத் திரும்பக் கொட்டி நிரப்பிய பக்கங்களைத் தேடுபொறிக்குக் காட்டிவிட்டு, வருகிற மனிதர்களை அழகான வேறொரு பக்கத்துக்குத் திருப்பிவிட்டது அந்தத் தளத்தின் குற்றம். பக்கங்களை நீக்கிய சில நாட்களில் அது திரும்பவும் பட்டியலுக்கு வந்தது. பெயர் பெற்ற நிறுவனம் என்பது தண்டனையைத் தடுக்கவில்லை, மீட்பை விரைவாக்கியிருக்கலாம். பெயர் தெரியாத ஒரு சிறு கடையின் தளம் இப்படி மாட்டினால் அதே வேகத்தில் மீண்டிருக்குமா என்பது நியாயமான கேள்வி.

சொற்களை எண்ணும் பழக்கத்துக்கு இன்று இன்னும் குறைவாகவே அடிப்படை இருக்கிறது. 2019 அக்டோபரில் கூகுள் 'பெர்ட்' என்ற மொழி மாதிரியை ஆங்கிலத் தேடலில் இறக்கியபோது அது காட்டிய உதாரணம், பிரேசிலிலிருந்து அமெரிக்கா போகிறவருக்கு விசா வேண்டுமா என்ற கேள்வி. யார் எங்கிருந்து எங்கே போகிறார் என்பதை முன்பு கவனிக்காத தேடல், அமெரிக்கர் பிரேசில் போவதைப் பற்றிய பக்கத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. வாக்கியத்தின் உறவுகளை இப்படிப் படிக்க முயலும் இயந்திரத்துக்கு 'மதுரை ஜவுளிக் கடை' என்ற மூன்று சொல்லை உருபு ஒட்டாமல் பத்தி தோறும் நுழைக்க வேண்டிய தேவை இல்லை. அப்படி எழுதப்பட்ட தமிழ்ப் பக்கங்களைப் படித்தவர்களுக்குத் தெரியும், அது மொழிக்குச் செய்யப்படும் சேதம். வாசகரும் இரண்டாவது பத்திக்கு மேல் நிற்க மாட்டார்.

இணைப்புகளின் கதை இதைவிடப் பெரிது. ஏனென்றால் கூகுள் பிறந்ததே இணைப்புகளின் மேல்தான். ஸ்டான்ஃபோர்டில் லாரி பேஜும் செர்கே பிரினும் 1990-களின் நடுவில் செய்த ஆராய்ச்சியின் மையம், ஒரு பக்கத்துக்கு மற்றப் பக்கங்கள் தரும் இணைப்பை ஒரு வகை ஓட்டாக எடுத்துக்கொள்வது. ஓட்டுப் போடும் பக்கத்துக்கே நிறைய ஓட்டு இருந்தால் அதன் ஓட்டுக்குக் கூடுதல் எடை. பேஜ்ரேங்க் என்ற அந்த முறைதான் 1998-இல் நிறுவனமாயிற்று. ஓட்டுக்கு மதிப்பு இருக்கும் இடத்தில் ஓட்டை விலைக்கு வாங்குகிறவர்களும் வந்துசேர்வார்கள். கூகுள் தன் கருவிப்பட்டையில் ஒவ்வொரு பக்கத்துக்கும் பத்துக்கு எவ்வளவு என்று மதிப்பெண் காட்டியபோது, இணைப்புச் சந்தைக்கு விலைப்பட்டியலும் தயாராகிவிட்டது. அந்த மதிப்பெண் காட்சி 2016-இல்தான் முழுமையாக நிறுத்தப்பட்டது.

அந்தச் சந்தை எவ்வளவு தூரம் போனது என்பதை 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட ஜே.சி. பென்னி விவகாரம் காட்டியது. அமெரிக்காவின் பழைய பல்பொருள் அங்காடி நிறுவனமான பென்னி, பண்டிகை விற்பனைக் காலம் முழுக்க 'உடைகள்', 'படுக்கை விரிப்புகள்', 'தரைவிரிப்புகள்' என்று எதைத் தேடினாலும் கூகுளில் உச்சியில் நின்றது. சாம்சொனைட் பெட்டியைத் தேடினால்கூட சாம்சொனைட்டின் சொந்தத் தளத்துக்கு மேலே பென்னி. பத்திரிகை கேட்டுக்கொண்டதன் பேரில் ஒரு வல்லுநர் துருவிப் பார்த்தார். பென்னிக்கு இணைப்புக் கொடுத்திருந்த 2,000-க்கும் மேற்பட்ட பக்கங்கள் கிடைத்தன. அவற்றில் பல நோய்களைப் பற்றியவை, கார்களைப் பற்றியவை, நாய்களைப் பற்றியவை. எந்தத் தொடர்பும் இல்லாத பக்கத்தின் மூலையில் 'மாலை நேர உடைகள்' என்று ஓர் இணைப்பு. தங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்று பென்னி சொன்னது, தன் எஸ்.இ.ஓ. ஆலோசனை நிறுவனத்தையும் நீக்கியது. கூகுள் கையால் தலையிட்டு இறக்கியது. மாலை ஏழு மணிக்கு முதலிடத்தில் இருந்த பென்னி, ஒன்பது மணிக்கு சாம்சொனைட் பெட்டித் தேடலில் 71-ஆம் இடத்தில் இருந்தது.

இந்த நிகழ்விலிருந்து இரண்டு விதமான பாடங்களை மக்கள் எடுத்தார்கள், இரண்டுமே கோணல். வாங்கிய இணைப்பு வேலை செய்யும், மாட்டாமல் இருந்தால் போதும் என்பது ஒன்று. இணைப்பு என்றாலே ஆபத்து என்பது மற்றொன்று. 2012 ஏப்ரலில் 'பென்குவின்' என்ற மாற்றம் வந்து ஆங்கிலத் தேடல்களில் சுமார் 3.1 சதவீதத்தைப் பாதித்த பிறகு, இந்த இரண்டாவது அச்சம் ஒரு தொழிலாகவே மாறியது. யாரோ எங்கிருந்தோ கொடுத்த இணைப்புகளையெல்லாம் 'நச்சு இணைப்பு' என்று பட்டியலிட்டு, அவற்றை மறுக்கும் கோப்பைத் தயாரித்துக் கொடுக்க ஏஜென்சிகள் பணம் வாங்கின. 2016 செப்டம்பரில் பென்குவின் திருத்தப்பட்டபோது, மோசமான இணைப்புகளுக்காகத் தளத்தைத் தண்டிப்பதைவிட அந்த இணைப்புகளின் மதிப்பை அப்படியே கழித்துவிடும் முறைக்கு கூகுள் நகர்ந்துவிட்டது. மறுப்புக் கருவி பெரும்பாலான தளங்களுக்குத் தேவையில்லை என்று அதன் விளக்கப் பக்கமே சொல்கிறது.

'டொமைன் அத்தாரிட்டி' என்ற எண்ணும் இந்த வகையைச் சேர்ந்தது. 'உங்களுக்கு 18தான் இருக்கிறது, 40 ஆக்கிக் காட்டுகிறோம்' என்று விற்பனையாளர் சொல்லும்போது அது கூகுள் போட்ட மதிப்பெண் என்றே வாடிக்கையாளர் நினைத்துக்கொள்கிறார். மோஸ் என்ற மென்பொருள் நிறுவனம் தன் சொந்தத் தரவை வைத்து உருவாக்கிய மதிப்பீடு அது. கூகுள் அதைப் பார்ப்பதில்லை. அந்த எண்ணை ஏற்றி, விற்பனை ஒரு ரூபாய்கூட ஏறாத தளங்கள் உண்டு.

விளம்பரம் கொடுத்தால் இயல்பான தேடல் முடிவிலும் மேலே வரலாம் என்ற நம்பிக்கைக்கு வருவோம். பொதுமக்களிடம் மிக ஆழமாக வேரூன்றியது இதுதான், வரலாறும் அதற்குக் காரணம். 1998-இல் பில் கிராஸ் தொடங்கிய கோடூ.காம் வெளிப்படையாகவே இடங்களை ஏலம் விட்டது: அதிகம் தருபவருக்கு மேல் இடம். வேறு சில தேடுபொறிகள் பணம் வாங்கிக்கொண்டு பட்டியலில் சேர்த்தன, அதைச் சொல்லவும் இல்லை. ஒரு நுகர்வோர் அமைப்பின் புகாரைத் தொடர்ந்து 2002 ஜூனில் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம், காசு கொடுத்து வந்த முடிவுகளைத் தெளிவாகப் பிரித்துக் காட்டும்படி தேடுபொறி நிறுவனங்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. ஆக, சந்தேகப்பட்டவர்கள் கற்பனையாகச் சந்தேகப்படவில்லை.

கூகுளைப் பொறுத்தவரை ஆதாரங்கள் எதிர்த்திசையில் நிற்கின்றன. பென்னி மாட்டிக்கொண்ட நாளில் அது சாதாரண விளம்பரதாரர் இல்லை. கூகுள் தேடல் விளம்பரத்துக்கு ஒரு மாதத்தில் 20 லட்சம் டாலருக்கு மேல் செலவிட்டதாக ஓர் ஆவணம் முன்பே வெளியாகியிருந்தது. அந்தப் பணம் அதை 71-ஆம் இடத்திலிருந்து காப்பாற்றவில்லை. அடுத்த ஆண்டு ஜனவரியில் நடந்தது இன்னும் தெளிவானது. குரோம் உலாவிக்காக எழுதப்பட்ட கட்டணப் பதிவுகளில் ஒன்று விதியை மீறி இணைப்புக் கொடுத்திருந்தது தெரிந்ததும், கூகுள் தன் சொந்த குரோம் பக்கத்தையே குறைந்தது 60 நாட்களுக்குக் கீழே இறக்கியது. இன்னொரு பக்கமும் உண்டு. இபே நிறுவனத்தோடு சேர்ந்து மூன்று பொருளாதார அறிஞர்கள் நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆய்வில், இபே தன் பெயரையே சொல்லித் தேடுபவர்களுக்கான விளம்பரங்களை நிறுத்திப் பார்த்தபோது, நின்றுபோன சொடுக்குகளில் 99.5 சதவீதம் இயல்பான முடிவுகள் வழியாகவே வந்துசேர்ந்தன. தன் கடைப் பெயரைத் தேடுகிறவருக்கே விளம்பரம் போட்டுப் பணம் கரைக்கும் சிறு வணிகர், வருகிறவர்கள் விளம்பரத்தால்தான் வருகிறார்கள் என்று நம்புவது எவ்வளவு செலவுள்ள தவறு என்பதை அந்த எண் சொல்கிறது. பெயர் பரவலாகத் தெரியாத கடைக்கு அதே விகிதம் பொருந்தும் என்று கொள்ள முடியாது. நிறுத்திப் பார்த்துச் சோதிக்கும் வழி மட்டும் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது.

இதுவரை சொன்னவற்றில் கூகுளின் வார்த்தையை நம்பியவர் பிழைத்தார். எல்லா இடத்திலும் அப்படி இல்லை. நம்பிக்கைகள் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கின்றன என்பதற்கான முக்கியமான காரணம் இங்கேதான் இருக்கிறது.

தேடல் முடிவில் பயனர்கள் எதைச் சொடுக்குகிறார்கள், போன உடனே திரும்பி வருகிறார்களா என்பதெல்லாம் தரவரிசையைப் பாதிக்கிறது என்று எஸ்.இ.ஓ. துறையில் ஒரு சாரார் வெகுகாலமாகச் சொல்லிவந்தார்கள். மோஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ரேண்ட் ஃபிஷ்கின் 2014-இல் தன்னைப் பின்தொடர்பவர்களிடம் ஒரு குறிப்பிட்ட தேடலைச் செய்து தன் பதிவைச் சொடுக்கச் சொன்னார். சில மணி நேரத்தில் அந்தப் பதிவு முதலிடத்துக்கு ஏறியது. கூகுளின் பொதுமுகங்களாக இருந்த பொறியாளர்கள் இதை ஏற்கவே இல்லை. கட்டுக்கதை என்று கடுமையாகவே தள்ளினார்கள். தவறான நம்பிக்கைகளின் பட்டியல் போட்ட பலரும் 'சொடுக்கு தரவரிசையைப் பாதிக்கும்' என்பதை அதில் சேர்த்தார்கள்.

2023-இல் அமெரிக்க நீதித்துறை கூகுளுக்கு எதிராகத் தொடுத்த ஏகபோக வழக்கு விசாரணைக்கு வந்தது. கூகுள் தேடல் பிரிவின் துணைத் தலைவர் பாண்டு நாயக் சாட்சிக் கூண்டில் 'நேவ்பூஸ்ட்' என்ற ஏற்பாட்டைப் பற்றிச் சொன்னார். பயனர்களின் சொடுக்குகளை நினைவில் வைத்து முடிவுகளை வரிசைப்படுத்த உதவும் அது, சுமார் 2005 முதல் இருந்துவருகிறது. முன்பு 18 மாதச் சொடுக்குகளைப் பார்த்தது, பிறகு 13 மாதமாகக் குறைந்தது. முக்கியமான சமிக்ஞைகளில் அதுவும் ஒன்று. 2024 மே மாதம் கூகுளின் உள் ஆவணங்கள் தவறுதலாக வெளியே வந்தபோது, 14,000-க்கும் மேற்பட்ட தரவுக் கூறுகளின் பெயர்கள் அதில் இருந்தன. சொடுக்குகளின் வகைகள் இருந்தன. ஒரு தளத்தின் ஒட்டுமொத்த மதிப்பைக் குறிப்பது போன்ற பெயருள்ள கூறும் இருந்தது. அப்படி ஒன்றை வைத்திருக்கவில்லை என்றே பொதுவெளியில் பதில் சொல்லப்பட்டிருந்தது. ஆவணங்கள் உண்மையானவை என்று கூகுள் ஒப்புக்கொண்டது. சூழல் தெரியாமல் முடிவுக்கு வர வேண்டாம் என்றும் சொன்னது. அந்த எச்சரிக்கையில் நியாயம் உண்டு: ஒரு கூறு பட்டியலில் இருப்பதால் அது இன்று பயன்பாட்டில் இருக்கிறது என்றோ, அதற்கு இத்தனை எடை என்றோ யாரும் சொல்லிவிட முடியாது.

மோசடிக்காரர்களுக்கு வழி காட்டக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மறைத்தோம் என்ற வாதத்தைப் புரிந்துகொள்ளலாம். மறைப்பது வேறு, மறுப்பது வேறு. பொதுமக்களிடம் 'இல்லை' என்று சொன்னது நீதிமன்றத்தில் 'ஆம்' ஆனபோது, கூகுள் சொன்ன சரியான விஷயங்களின் மேலும் சந்தேகம் படிந்தது. மெட்டா கீவேர்ட்ஸ் வேலை செய்யாது என்று கூகுள் சொன்னதையும் இனி ஒருவர் நம்ப மறுக்கலாம், அவரை முழுதாகக் குறை சொல்ல முடியாது. 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா, தேடல் சந்தையில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துவந்தது என்று தீர்ப்பளித்தார். வலுவான போட்டியாளர் இல்லாத சந்தையில் ஒரே நிறுவனத்தின் வாயிலிருந்து வருவதைத் தவிர வேறு தகவல் கிடைக்காமல் போவதும் அந்த ஏகபோகத்தின் விளைவுகளில் ஒன்றுதான்.

வதந்தியின் விலையை வாசகர்களும் கொடுக்கிறார்கள். 1990-களிலிருந்து தொழில்நுட்பச் செய்திகளை வெளியிட்டுவரும் சிநெட் நிறுவனம், தேடலில் தன் நிலையை உயர்த்துவதற்காகப் பழைய கட்டுரைகளை ஆயிரக்கணக்கில் நீக்கிவருவதாக 2023 ஆகஸ்டில் செய்தி வெளியானது. பழையவற்றை அகற்றினால் தளம் 'புதிதாக' இருப்பதாகத் தேடுபொறி எண்ணும் என்பது கணக்கு. பழையது என்பதற்காக கூகுள் ஒரு பக்கத்தை வெறுப்பதில்லை, இப்படி நீக்க வேண்டிய தேவையும் இல்லை என்று கூகுள் தரப்பு உடனே பதில் சொன்னது. இணையம் வளர்ந்த காலத்தை அன்றன்று பதிவுசெய்த செய்திகள் அவை. இணைய ஆவணக் காப்பகத்தில் நகல்கள் இருப்பதாக சிநெட் சொன்னது. ஆனாலும் ஒரு செய்தி நிறுவனம் தன் சொந்த நினைவைத் தரவரிசை பற்றிய ஓர் ஊகத்துக்காகக் கழித்துக் கட்டுவது வருத்தம் தரும் செயல்.

ஒரே உரை இரண்டு இடத்தில் இருந்தால் தண்டனை என்ற அச்சமும் இதைப் போன்றதே. இணையத்தில் 25 முதல் 30 சதவீதம் வரை நகல்தான் என்று மேட் கட்ஸ் 2013-இல் சொன்னார். விலைப் பட்டியல், சட்டப் பிரிவு, உற்பத்தியாளர் தரும் பொருள் விவரம் என்று இயல்பாகவே திரும்ப வருபவை நிறைய. கூகுள் அவற்றில் ஒன்றைத் தேர்ந்து காட்டும், மற்றவற்றை விட்டுவிடும். அடுத்தவர் எழுத்தைத் திருடித் தளத்தை நிரப்புகிறவர்களுக்குத்தான் நடவடிக்கை.

இத்தனைக்கும் மாற்றாக எல்லோரும் சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு: 'நல்லதை எழுதுங்கள், மற்றது தானாக வரும்.' கூகுளும் அதையே விரும்பிச் சொல்கிறது. கேட்க நன்றாக இருக்கும் இந்த வாக்கியமும் தவறான நம்பிக்கைகளின் பட்டியலில் சேர வேண்டியது.

முதலில், எழுதியதை இயந்திரத்தால் படிக்க முடிய வேண்டும். இதைத் தமிழர்கள் அனுபவத்தில் அறிந்தவர்கள். யூனிகோட் பரவுவதற்கு முன்பு பாமினி, டாப், டாம், திஸ்கி என்று ஆளுக்கொரு குறியேற்றத்தில் தமிழ்த் தளங்கள் இயங்கின. ஒவ்வொரு நாளிதழும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்திருந்தது. அந்த எழுத்துரு இருந்த கணினியில் மனிதர் கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்த கட்டுரை, பாமினி போன்ற குறியேற்றங்களில் தேடுபொறிக்கு ஆங்கில எழுத்துகளின் குழப்பமாகத்தான் போய்ச்சேர்ந்தது. எவ்வளவு அருமையாக எழுதப்பட்டிருந்தாலும் தமிழில் தேடியவருக்கு அது கிடைக்கவில்லை. அந்தக் காலம் முடிந்துவிட்டது. ஆனால் முகவரி, வேலை நேரம், பொருள் விவரம், நிகழ்ச்சி நிரல் எல்லாவற்றையும் ஒரே படமாக வடிவமைத்துத் தளத்தில் ஏற்றும் வழக்கம் இன்னும் இருக்கிறது. படத்துக்குள் இருக்கும் தமிழை எழுத்தாகவும் கொடுப்பது, செலவே இல்லாத எஸ்.இ.ஓ.

அதேபோல, தளத்தின் வாசலில் வைக்கும் 'ரோபாட்ஸ்' கோப்பில் தடை எழுதினால் பக்கம் தேடலில் வராது என்று மென்பொருள் ஆட்களே பலர் நினைக்கிறார்கள். அந்தக் கோப்பு, வந்து படிக்காதே என்று மட்டும் சொல்கிறது. வேறு யாராவது இணைப்புக் கொடுத்திருந்தால், உள்ளடக்கம் தெரியாமலே முகவரி மட்டும் முடிவுகளில் வரலாம். பட்டியலிலேயே சேர்க்காதே என்று சொல்வதற்கு 'நோஇண்டெக்ஸ்' என்ற தனிக் கட்டளை உண்டு. அதைப் படிப்பதற்குப் பக்கம் திறந்திருக்கவும் வேண்டும். இரண்டையும் சேர்த்துப் போட்டு, மறைக்க நினைத்ததை மறைக்க முடியாமல் தவிப்பவர்கள் உண்டு. புதிய தளம் கட்டும்போது போட்ட தடையை வெளியீட்டு நாளில் எடுக்க மறந்து, மாதக்கணக்கில் ஏன் யாரும் வரவில்லை என்று யோசிப்பவர்களும் உண்டு.

பொறுமையும் வேண்டும். புதிதாக வெளியாகும் பக்கங்களில் 5.7 சதவீதம் மட்டுமே ஓர் ஆண்டுக்குள் ஏதாவது ஒரு தேடலில் முதல் பத்துக்குள் வருவதாக ஏரெஃப்ஸ் நிறுவனம் 2017-இல் செய்த ஆய்வு காட்டியது. பலன் தெரிய நான்கு மாதம் முதல் ஓராண்டு ஆகும் என்று அதே ஆண்டு கூகுள் தரப்பும் சொன்னது. 30 நாள் உத்தரவாதத்தை இந்த எண்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

எல்லாம் சரியாகச் செய்தவர்களும் விழுந்திருக்கிறார்கள். காற்றுச் சுத்திகரிப்பான்களைத் தாங்களே வாங்கிச் சோதித்து எழுதும் ஹவுஸ்ஃபிரெஷ் என்ற சிறு தளம், பெரிய ஊடக நிறுவனங்களின் மேலோட்டமான பரிந்துரைப் பட்டியல்கள் தன்னைக் கீழே தள்ளிவிட்டதை 2024 பிப்ரவரியில் ஆதாரங்களோடு எழுதியது. அதற்கு முந்தைய செப்டம்பரில் வந்த 'பயனுள்ள உள்ளடக்க' மாற்றத்தில் பல சுயேச்சைத் தளங்கள் வாசகர்களை இழந்திருந்தன. ஹவுஸ்ஃபிரெஷ் கட்டுரை வந்த அடுத்த மாதமே, பெரிய தளங்கள் தங்கள் பெயரை வாடகைக்கு விடுவதற்கு எதிராக கூகுள் புதிய விதி அறிவித்தது. அதற்குள் பலருக்கு வருமானம் போய்விட்டது. நன்றாக எழுதுவது தேவை; அது போதும் என்று இவர்களிடம் யாரும் சொல்ல முடியாது.

'நாங்கள் முதலிடத்தில் இருக்கிறோம்' என்ற வாக்கியத்தைக்கூடக் கொஞ்சம் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. தேடுபவர் எங்கே நிற்கிறார், கைப்பேசியா கணினியா, எந்த மொழி என்பதைப் பொறுத்து வரிசை மாறும். திருநெல்வேலியில் 'கண் மருத்துவமனை' என்று தேடுபவருக்கும் திருச்சியில் தேடுபவருக்கும் ஒரே பட்டியல் வராது. தளக்காரர் தன் அறையில் உட்கார்ந்து தன் கைப்பேசியில் பார்க்கும் முதலிடம் ஒரு சான்றும் இல்லை. எந்தச் சொற்களுக்கு எத்தனை முறை தளம் தோன்றியது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்ற கணக்கை 16 மாதங்களுக்குக் காட்டும் கூகுளின் சர்ச் கன்சோல் இலவசமாகக் கிடைக்கிறது. ஏஜென்சி அனுப்பும் வண்ண வண்ண அறிக்கையைவிட அது நம்பத்தக்கது. அதன் கடவுச்சொல்லைத் தன் கையில் வைத்துக்கொள்ளாமல் ஏஜென்சியிடம் விட்டுவிடும் தொழில்முனைவோர், தன் கடைக் கணக்குப் புத்தகத்தையே பிறரிடம் விடுகிறார்.

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது, நம்பிக்கைகளும் புதிதாக முளைத்திருக்கின்றன. எஸ்.இ.ஓ. செத்துவிட்டது என்று ஒரு சாரார், ஏ.இ.ஓ., ஜி.இ.ஓ. என்று புதுப்பெயர் சூட்டிப் பழைய வேலைக்கே இரட்டிப்புக் கட்டணம் கேட்கும் மறுசாரார். செயற்கை நுண்ணறிவு எழுதியது என்றாலே கூகுள் தண்டிக்கும் என்பது பரவலான பேச்சு. எழுதியது யார், எது என்பதைவிட அது பயன்படுகிறதா என்றே பார்ப்போம் என்று 2023 பிப்ரவரியில் கூகுள் சொன்னது. தரவரிசையைக் குறிவைத்து மொத்தமாக உற்பத்தி செய்து கொட்டுவதை 2024 மார்ச்சில் தடை செய்தது. 'எல்.எல்.எம்.எஸ்.' என்ற பெயரில் மொழி மாதிரிகளுக்கென ஒரு கோப்பைத் தளத்தில் வைத்தால் சாட்ஜிபிடி போன்றவை நம்மை எடுத்துக்காட்டும் என்று சொல்லி அதையும் விற்கிறார்கள். 2024 செப்டம்பரில் ஒருவர் முன்வைத்த யோசனை அது. அதைப் பயன்படுத்துவதாக எந்த நிறுவனமும் சொல்லவில்லை என்று கூகுளின் ஜான் முல்லர் 2025-இல் சுட்டிக்காட்டினார்.

மாற்றம் என்னவோ உண்மை. அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் 900 பேரின் 2025 மார்ச் மாத இணையப் பயன்பாட்டைப் பதிவுசெய்து பார்த்தது. முடிவுகளுக்கு மேலே செயற்கை நுண்ணறிவுச் சுருக்கம் வந்த தேடல்களில் 8 சதவீதத்தில்தான் வழக்கமான இணைப்பு ஒன்று சொடுக்கப்பட்டது. சுருக்கம் வராத தேடல்களில் அது 15 சதவீதம். சுருக்கத்துக்குள் இருந்த மேற்கோள் இணைப்பைச் சொடுக்கியது 1 சதவீதத்தில் மட்டும். ஆய்வு முறை சரியில்லை என்று கூகுள் மறுத்தது. மறுப்பதற்கு அதன் கையிலேயே முழுக் கணக்கு இருந்தது. ஆனால் அந்த ஆண்டு தளக்காரர்களுக்குக் காட்டிய சர்ச் கன்சோல் அறிக்கையில், சுருக்கத்தின் வழியே வந்தவர்களையும் வழக்கமான முடிவின் வழியே வந்தவர்களையும் கூகுள் ஒரே எண்ணாகச் சேர்த்தே வைத்திருந்தது. அதை இரண்டாகப் பிரித்துக் கொடுப்பது கூகுளுக்குப் பெரிய வேலை இல்லை. தளக்காரர்கள் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியது அந்த எண்ணைத்தான்.